முகேபாவின் பதினைந்து விநாடி

நான் ஆப்பிரிக்க நகரமான கின்ஷாசாவில் இசைக் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் பாட்டு எட்டு நிமிடம் ஓடும். முதல் ஐந்து நிமிடம் காதல் புலம்பல், அப்புறம்தான் கிதார் வேகமெடுத்து ஆட்டம். கேசட் காலத்தில் அதை யாரும் வெட்ட முடியாது.

உதவி செய்தவரின் பெயரைப் பாட்டுக்குள் கூவுவது இங்கே வழக்கம். இந்தத் தடவை ஸ்டுடியோவுக்கு ஜெனரேட்டர் கொடுத்தவர் சிமெண்ட் வியாபாரி முகேபா. அதனால் எங்கள் பாடகன் லொகோண்டா, ஆட்டப் பகுதியில் "முகேபா! முகேபா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

பாட்டை இணையத்தில் ஏற்றினோம். யாரோ ஒருத்தி அந்தக் கூவல் வரும் பதினைந்து விநாடியை மட்டும் வெட்டி, ஆடி, வீடியோ போட்டாள். ஒரே வாரத்தில் அபிஜான் நகரமும் பாரிஸும் ஆடின.

"பாட்டு யாருதுன்னு ஒரு பய கேக்கலியே அண்ணே!" என்றான் லொகோண்டா.

"கேக்காம என்ன? முகேபா பாட்டுங்கறானுங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் முகேபாவே போன் செய்தார்.

"தம்பி, பிரஸ்ஸல்ஸ்ல கச்சேரிக்குக் கூப்பிடறாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். லொகோண்டாவை உடனே தயாராகச் சொல்றேன்."

"அவன் எதுக்கு? என்னையில்ல கூப்பிட்டிருக்காங்க!"

"நீங்க பாடுவீங்களா சார்?"

"பதினஞ்சு விநாடிதானே தம்பி? என் பேரை எனக்குக் கத்தத் தெரியாதா?"