பார்த்து இறங்கு

லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். டிப்போ மேலாளர் நல்ல மனிதர். மாமியாருக்குப் பல்வலி என்றால்கூடக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மகள் ராணுவப் பயிற்சிக்குப் போகிறாள் என்றால் எழுந்து நின்றே கொடுத்திருப்பார். டிரைவர்தான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஆள் பத்தலையாம், லீவு கிடையாதுன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போதெல்லாம் ஒன்று சட்டையைக் கழற்றுவார், இல்லை செருப்பைத் தேடுவார். இத்தனை வருடம் குடித்தனம் செய்த மனைவிக்கு இது தெரியாதா? தெரியும். அவள் தலையைக் குனிந்தபடி மகளுடைய துணிகளில் நம்பர் தைத்துக்கொண்டிருந்தாள். பயிற்சி முகாமில் ஒவ்வொரு துணியிலும் அவரவர் எண் இருக்க வேண்டுமாம். அவளுக்கு இது புது வேலையில்லை, சலவைக்கடையில் நாள் முழுவதும் அதைத்தான் செய்கிறாள். "நான் நம்பர் போட்ட துணி ஒண்ணுகூட இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மகள் பெட்டியை மூடப் பார்த்து, மூடாமல் போக, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். "அதனால என்னப்பா, உங்க வண்டியிலயே ஸ்டேஷனுக்கு வந்துடறோம்" என்றாள்.

பிளாட்பாரத்தில் நின்று கையாட்டுகிற வேலையிலிருந்து நழுவப் பார்த்தார் மனிதர். இப்போது மகளைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிடும் வேலை வந்து சேர்ந்தது. நன்றாக வேண்டும் அவருக்கு.

அவள் போவதில் அவருக்கு மறுப்பு இருந்தது என்று நினைக்க வேண்டாம். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. உத்தரவு வந்த நாளிலிருந்து தெருவே அவளிடம் "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டது. மருந்துக்கடைக்காரர் சொன்னார், மாடி வீட்டு அக்கா கட்டிக்கொண்டு சொன்னாள், வாடகை தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த வீட்டுக்காரர்கூட வாசல் வரை வந்து சொன்னார். அப்பா மட்டும் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் அனுப்பிவிட்டதாக ஆகிவிடும், சொல்லாதவரை அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அவருக்குள் ஒரு கணக்கு. கூறுகெட்ட கணக்குதான். அவருக்கும் அது தெரியும்.

மகளுக்கும் தெரிந்திருக்கிறது. படுக்கப் போகும்முன் கதவருகே நின்று, "எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்கதான் பாக்கி" என்றாள்.

"நாளைக்குத்தானே, பாப்போம்" என்றார். அதோடு செருப்பைத் தேடினார்.

மறுநாள் அவர்கள் ஏறியபோது வண்டியில் பாதிக் கூட்டம். கண்டக்டருக்குச் சில்லறை என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு, பயணிகள் வைத்தது இது. அவன் பெட்டியைத் தூக்கி இன்ஜின் மூடியின் பக்கத்தில் வைத்துவிட்டு, "என்ன இது, அம்மாவையும் உள்ள வச்சுப் பூட்டிட்டியா?" என்றான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். "நாளைக்குப் பெரிய ஆபீசர் ஆகிட்டா, ராணுவத்துக்கே டிக்கெட் போட்டவன்னு நான் சொல்லிக்கலாம் பாரு."

மகள் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் காதுகள் பெரிதாகத் தெரிந்தன. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி விடுமுறை நாட்களில் இதே வண்டியில்தான் கிடப்பாள். இன்ஜின் மூடி சுடச்சுட அதன்மேல் உட்கார்ந்து வருவாள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. சில்லறை விசிலைத் தொலைத்துவிட்ட நாட்களில் வண்டியின் தகரத்தில் ஒரு தட்டு, இரண்டு தட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே அவளுக்கு அது பாடம்.

வழி நெடுக டிரைவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். போயிட்டு வா. போயிட்டு வாம்மா. பத்திரமா போயிட்டு வா. ஒன்றும் கஷ்டமில்லை, யாரும் சொல்வதுதான். கையும் காலும் அதுபாட்டுக்கு வேலை செய்தன. அவருக்குத் துக்கமாக இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் தடித்துக் கிடந்தது.

ஸ்டேஷன் வந்தது. ஒரு விசில். நிறுத்தினார். சில்லறை பெட்டியை இறக்கினான், பின்னாலேயே மனைவி பையோடு இறங்கினாள். மகள் முன்படியில் நின்று திரும்பினாள்.

"அப்பா."

அவர் பார்த்தார். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வார்த்தை தயாராகத்தான் இருந்தது. ஆனால் முன்படியில் ஒரு ஆள் நின்றால் அந்த வாய்க்குப் பழக்கம் வேறு.

"பாத்து இறங்கு. படி உயரம்" என்றார்.

அவள் கொஞ்சம் நின்றாள். வேறு ஏதாவது வருமா என்று பார்த்தாள். வரவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பார்த்தே இறங்கினாள்.

இரண்டு விசில். வண்டி நகரவில்லை. சில்லறை மறுபடியும் ஊதினான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்சின் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "அண்ணே?" என்றான் சில்லறை.

அப்போது வெளியே தகரத்தில் சத்தம் கேட்டது. உள்ளங்கையால், நிதானமாக, இரண்டு தட்டு.

மூளையைக் கேட்காமலேயே கை கியரைப் போட்டது. வண்டி கிளம்பியது. பாலம் தாண்டிய பிறகுதான், தான் புறப்பட்டு வந்துவிட்டது அவருக்கு உறைத்தது. தட்டியது யார் என்பதும்.

திரும்பும் டிரிப்பில், அதே ஸ்டேஷனில் மனைவி தனியாக ஏறினாள். மகள் உட்கார்ந்த சீட்டிலேயே உட்கார்ந்தாள். காலிப் பையைச் சின்னதாக மடித்தாள். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஏறிட்டா. ஜன்னல் சீட்டு."

"கூட்டமா?"

"இல்ல. அவளை மாதிரி நாலஞ்சு புள்ளைங்க இருந்துச்சு."

"ம்."

சிக்னலில் வண்டி நின்றபோது அவளே தொடர்ந்தாள். "அப்பா கடைசிவரைக்கும் சொல்லலையேம்மான்னா."

பச்சை விழுந்தது, அவர் வண்டியை எடுத்தார்.

பின்னால் ஒரு பெரியவர் சில்லறையோடு மீதிக்காசுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, கையில் புதிதாக வாங்கிய குடை, மழையே இல்லை. சண்டையில் அவர்தான் ஜெயித்தார் போலிருக்கிறது, ஆனாலும் கோபம் தீரவில்லை. காய்கறிச் சந்தை நிறுத்தத்தில் முன்படிக்கு வந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "மாட்டு வண்டி இதைவிட சீக்கிரம் வந்திருக்கும்யா. காசு மட்டும் கரெக்டா வாங்கிடறீங்க."

டிரைவர் அவரைப் பார்த்தார். முன்படியில் ஒரு ஆள். இறங்கப் போகிற ஆள்.

"போயிட்டு வா" என்றார். குரல் உடைந்திருந்தது. "பத்திரமா போயிட்டு வாம்மா."

பெரியவர் கம்பியை விடவில்லை. எதிர்த்துப் பேசுவான் என்று தயாராக நின்ற மனிதர். வயதில் சிறியவன், வா போ என்று பேசுகிறான், போதாக்குறைக்கு அம்மா என்கிறான். டிரைவருடைய முகத்தில் என்ன பார்த்தாரோ, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சரிப்பா" என்றார். "வரேன்."

ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார். அவர் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறும்வரை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். சில்லறை விசிலை வாயில் வைத்தவன் ஊதவில்லை. டிரைவருக்கு மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

முதல் சீட்டிலிருந்து மனைவி முன்னால் சாய்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ண விடுவாங்களாம்" என்றாள். "அப்பா சொல்லிட்டார்னு சொல்லிடறேன்."

அவர் தலையாட்டினார். கியரில் கையை வைத்தார்.

"யார்கிட்டன்னு மட்டும் சொல்லாத."

"சொல்லல" என்றாள்.