உப்புப் பார்க்கிறவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. அக்கா ஆர்டர் கொடுத்து எழுத வைத்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால், தான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்துக்கு என்னை வரச்சொன்னாள். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"உங்க அத்தானுக்கு ஒரு கதை எழுதுடா."

"என்ன கதை?"

"இதயத்தைப் பத்தி. உப்பைக் குறைக்கணும், எண்ணெயைக் குறைக்கணும், தினம் அரை மணி நேரம் நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும். எல்லாம் வரணும்."

"அதுக்குத்தான் டாக்டர் ஒரு கையேடு கொடுத்திருக்காரே?"

"அதை நாலா மடிச்சு, ஆடற மேஜைக்கு அடியில சொருகி வச்சிருக்கார். கதைன்னா படிப்பார். ஆனா அறிவுரை வாடை வந்துச்சோ, மூடி வச்சிட்டுப் போயிடுவார். ஜாக்கிரதை."

ஆக, இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். என் அக்காவின் கணவர். நீங்களெல்லாம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள். பாருங்கள், தப்பில்லை.

அத்தான் ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் கேன்டீனில் தலைமைச் சமையற்காரர். தினமும் நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு. வயது ஐம்பத்து மூன்று. அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் மாரடைப்பு வந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கிடைக்கவில்லை. அந்த இரண்டு வருட வித்தியாசத்தை அக்கா வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் ஆறு வாரத்துக்கு முன்னால் அத்தானுக்கு ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பு சொன்னது.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

(அ) "சமையற்காரர் இறந்துபோன அன்று கேன்டீனில் சூப் ரொம்ப நன்றாக இருந்தது."

நல்ல வரிதான், என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். "என் புருஷனைக் கொல்லத்தான் உன்கிட்ட வந்தேனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

(ஆ) "நம் உடம்பில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கூட..."

போதும். இது ஆறாம் வகுப்புப் பாடம்.

(இ) "அவர் யாருக்கும் தெரியாமல் ஆலையின் பின்பக்கம் நின்று சிகரெட் பிடித்தார்."

இது என் கைச்சரக்கு. ஒரு பாத்திரம் என்றால் ஒளித்துவைக்க ஏதாவது இருக்க வேண்டுமே என்று சேர்த்தேன். அத்தான் ஜென்மத்தில் சிகரெட்டைத் தொட்டதில்லை. குடி கிடையாது. ராத்திரி ஏழரைக்குள் சாப்பிட்டு முடிப்பார், ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன செய்வான், சொல்லுங்கள்!

3

என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

டாக்டர் அவரிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தார். சாப்பிடுவதையெல்லாம் எழுத வேண்டும். அத்தான் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார், அதுவும் அச்சடித்த மாதிரி கையெழுத்தில். ஒரு பக்கத்தை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

காலை: ஓட்ஸ் கஞ்சி, உப்பில்லை. ஒரு வாழைப்பழம்.
மதியம்: வேகவைத்த காய், சோறு ஒரு கப், உப்பில்லை.
மாலை: வறுக்காத வேர்க்கடலை ஒரு பிடி.
இரவு: ரொட்டி இரண்டு, பருப்பு, உப்பில்லை.
நடை: 30 நிமிடம்.

ஆறு வாரமும் இதேதான். அழுத்தம் மட்டும் இம்மியளவும் இறங்கவில்லை. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுல எழுதாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாராம். அத்தானுக்கு வந்ததே கோபம். அக்காவோ, அவர் எங்கேயோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார் என்றே முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு பாத்திரம் பொய் சொன்னால் எழுதுவது சுலபம். இவர் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் அந்த உப்பு எந்த வழியாக உள்ளே போகிறது? எனக்கு அறிவுரையெல்லாம் மறந்துபோய், இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை, "கதைக்குச் சமையல்கட்டைப் பார்க்கணும் அத்தான்" என்று போய் நின்றேன்.

4

நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க அடுப்புகள். நடுவில் ஸ்டீல் மேஜை, அதன் ஓரத்தில் காய் நறுக்கும் அம்மா. (பெயர் கேட்டேன். "கதையில போடறதா இருந்தா பேர் வேணாம் தம்பி" என்றார். சரிம்மா.) நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அத்தானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப் கொதித்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் விட்டார். ஊதினார். நக்கினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். கலக்கினார். மறுபடி உள்ளங்கை.

பிறகு பருப்பு. பிறகு இறைச்சிக் குழம்பு. பிறகு எண்ணெயிலிருந்து எடுத்த ஒவ்வொரு தட்டு உருளைக்கிழங்கிலும் ஒரு துண்டு, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்க்க.

ஒவ்வொரு தடவைக்கும் என் நோட்டின் பின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். உள்ளங்கை முப்பத்தெட்டு. உருளைக்கிழங்கு பதினொன்று.

அடக் கடவுளே!

(அடிக்குறிப்பு: வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, முப்பத்தெட்டுத் தடவை உள்ளங்கையில் விட்டு, ஒவ்வொன்றையும் ஒரு டம்ளரில் கவிழ்த்தேன். பாதி தரையில் போயிருக்கும். அப்படியும் டம்ளர் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கதை எழுதறீங்களா, என்ன பண்றீங்க?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.)

5

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். பாத்திரம் கழுவி ஓய்ந்த நேரம். நேராகவே கேட்டேன்.

"அத்தான், உப்புப் பார்க்கறதை ஏன் நோட்டுல எழுதல?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எதை?"

"கையில விட்டு நக்கறீங்களே, அதை. நேத்து மட்டும் முப்பத்தெட்டு வாட்டி."

"அது சாப்பாடு இல்லையே மச்சான். அது வேலை."

"வயித்துக்குள்ளதானே போகுது?"

"சாப்பாடுன்னா தட்டு போட்டு உட்காரணும். பசிக்கணும். டாக்டர் 'என்ன சாப்பிட்டே'ன்னு கேட்டார், சாப்பிட்டதை எழுதினேன். கொத்தனார் மேலெல்லாம் சிமெண்ட் ஒட்டியிருக்கு. அவர் சிமெண்ட் சாப்பிட்டார்னா சொல்வே?"

"அவர் நக்கமாட்டாரே!"

காய் நறுக்கும் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டா?" என்றார். "முன்னெல்லாம் அவ்வளவு பார்க்க மாட்டேன். ஒரு அண்டாவுக்கு ஒரு வாட்டி. கண்ணை மூடிட்டுப் போடுவேன், சரியா இருக்கும்."

"இப்ப ஏன்?"

சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. "வீட்ல உப்பில்லாம சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்து நாக்கு மாறிப்போச்சு மச்சான். இங்க எதை வாயில வச்சாலும் கரிக்குது. எனக்கு மட்டும் கரிக்குதா, எல்லாருக்குமான்னு தெரியல. அதான் திருப்பித் திருப்பிப் பார்க்கறேன். நானூறு பேர் என் நாக்கை நம்பி உட்கார்றாங்க."

கதாசிரியனாக எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் உப்பைக் குறைத்ததால் நாக்கில் சந்தேகம். சந்தேகத்தால் கேன்டீனில் உப்பு. இதை நான் யோசித்து எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "மூணு வாரமா ஒவ்வொரு அண்டாவுலயும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"அப்ப உங்க நாக்கு சரியாத்தானே இருக்கு!"

"அப்படியா சொல்றே?" என்றார். அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததேயில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நோட்டில் புதிதாக ஒரு வரி, 'உப்புப் பார்த்தது: இத்தனை தடவை' என்று. நுனிக்கரண்டியில் ஒரு துளி, அண்டாவுக்கு ஒரு முறை. உருளைக்கிழங்கை நசுக்கிப் பார்த்தால் போதும், வாயில் போட வேண்டாம். டாக்டர் பாராட்டுகிறார். அக்கா தூங்குகிறாள். இப்படி ஒரு முடிவை எழுதி முடித்து, அடியில் கோடும் போட்டுவிட்டேன்.

6

இன்று புதன்கிழமை. சமையல்கட்டு வர்ணனையில் ஒரு சந்தேகம். பெரிய அண்டாவுக்கு எத்தனை கைப்பிடி, இரண்டா நாலா? அதைப் பார்க்கத்தான் போனேன். பதினோரு மணி இருக்கும்.

இரண்டு கைப்பிடி. அத்தான் அதை அடுப்பிலிருந்து தனியாகத் தூக்கி மேஜையில் வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அடுப்பு வியர்வை எப்படியிருக்கும் என்று எனக்கு இந்த மூன்று நாளில் தெரியும். இது வேறு.

"அத்தான்?"

"ஒண்ணுமில்ல. வாயு." மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். கை நெஞ்சின் நடுவில் இருந்தது. "காலையில டீயை மடமடன்னு குடிச்சேன்."

மூன்று நிமிடத்தில் சரியாகிவிட்டது. முகம் பழையபடி ஆனது. "உங்க அக்காகிட்ட சொல்லிவைக்காதே. ஏற்கெனவே பாதி உயிரா இருக்கா. நாளன்னிக்கு டாக்டர்கிட்டதானே போறோம்."

நான் "சரி" என்றேன்.

(இந்தக் கதையிலேயே மோசமான வார்த்தை அதுதான். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். சொன்னது சொன்னதுதான், இருக்கட்டும்.)

கேட் வரை வந்துவிட்டேன். காய்த்தோலைக் கொட்டுகிற சாக்கில் காய் நறுக்கும் அம்மா பின்னாலேயே வந்தார்.

"தம்பி, அவர் சொல்ற வாயு பெரிய அண்டாவைத் தூக்கினாத்தான் வருது. உட்கார்ந்தா போயிடுது. இந்த வாரத்துல இது மூணாவது தடவை. டீ குடிக்காத அன்னைக்கும் வந்துச்சு."

மேஜைக்கு அடியில் மடித்துக் கிடக்கிற அந்தக் கையேட்டின் நகல் ஒன்று என்னிடமும் இருக்கிறது. கதைக்காகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில், இதயத்தின் ஆபத்து அறிகுறி என்று இதையேதான் எழுதியிருக்கிறார்கள். நான் உப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல விஷயம் கிடைத்ததென்று துள்ளிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: கதாசிரியன் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறான். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அத்தான் அண்டாவைத் தூக்கி

இதை எழுத மாட்டேன்.

இரண்டாம் முடிவு: டாக்டர் பார்க்கிறார், அடைப்பு இருந்தால் சரிசெய்கிறார். ஆலைக்காரர்கள் அண்டாவுக்குச் சக்கரம் வைத்த வண்டி வாங்குகிறார்கள். அத்தான் மறுபடி அடுப்பு முன்னால் நிற்கிறார், துளித்துளியாக உப்புப் பார்க்கிறார். இதை ஆசை ஆசையாக எழுதுவேன். ஆனால் இது என் கையில் இல்லை.

மற்ற வாசகர்கள் தயவுசெய்து கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். நான் அவரோடு பேச வேண்டும்.

அத்தான், நான் சொன்ன "சரி" சரியாக இரண்டு மணி நேரம் தாங்கியது. ஒரு மணிக்கு நூலகத்துக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். "எத்தனை தடவை?" என்று மட்டும் கேட்டாள். மூன்று என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். டாக்டருக்கு அவள்தான் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை கிடையாது, இன்றே, இப்போதே, எதையும் தூக்காமல், மாடிப்படி ஏறாமல் வரச் சொன்னார்.

உங்களைத் தெரியும். நேரில் வந்து கூப்பிட்டால் பாத்திரம் இருக்கிறது, நாளைக்கு ஊறப்போட வேண்டும், இதெல்லாம் ஒன்றுமில்லை என்பீர்கள். கதை என்றால் கடைசி வரி வரை படிப்பீர்கள். அதனால்தான் இந்த ஏழாம் பகுதியை உங்கள் ஆலைக்கு வெளியே, வாடகைக் காரின் பின்சீட்டில், முட்டியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். நீங்கள் எனக்குப் பாத்திரமாக வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துதான் தீரும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. இந்தத் தாள்களை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் இன்னும் உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் படித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இப்போது தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே, "வாயு" என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.