இடது பக்கத்துப் பச்சை

சுவருக்குப் பெயிண்ட் தேவைப்படவில்லை. என் வீட்டுக்காரரின் கண்ணுக்குத்தான் வைத்தியம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் பெயிண்டரை வரச் சொன்னேன்.

கொஞ்ச நாளாகவே டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். கேட்டால் விளக்கு சரியில்லை என்பார். பல்பை மாற்றினால் டம்ளர் சரியில்லை என்பார். இந்த மனிதர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். விடுமுறை முடிந்து மறுநாள் பள்ளி திறக்கிறது. வண்டி நிறைய ஊரார் பெற்ற பிள்ளைகள். கண் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, முதலில் நீ போய் உன் மூளையைக் காட்டு என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் மறுக்க முடியாதபடி ஒரு சோதனை வைத்துவிடுவது என்று நானும் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

பெயிண்டர் நல்ல மனிதர். ஹால் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். ஓதம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவரில் பூசிய பட்டி எங்கேயும் உரியவில்லை, வெள்ளையும் பளிச்சென்று இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று கேட்டார். பிழைக்கத் தெரியாதவர். எனக்குக் கலரை மாற்ற வேண்டும், சோபாவுக்கு மேலே வெளிர் பச்சையில் ஒரு கட்டம், மஞ்சளில் ஒரு கட்டம் அடித்துக் காட்டுங்கள், அவரே பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். கை அடுப்படியில் இருந்ததே தவிர மனசு ஹாலில்தான் இருந்தது.

டீயோடு திரும்பியபோது என் வீட்டுக்காரரும் பெயிண்டரும் வெகுநாள் கூட்டாளிகள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். எது பிடித்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இடது பக்கம் இருக்கிற பச்சைதான். மஞ்சள் கண்ண உறுத்துது," என்றார் சட்டென்று.

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மனுஷனை அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குள் அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே பின்பக்கம் போனார். பெயிண்டர் டீயை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணன் ரொம்ப விவரமானவருக்கா. எந்தப் பக்கம் எந்தக் கலரு, எது கண்ண உறுத்தும்னு ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார், அதுவும் பிள்ளைகளின் உயிரோடு விளையாடி. கோபம் தலைக்கேறியது. இரண்டு கட்டத்தையும் உடனே அழித்துவிடச் சொன்னேன். பெயிண்டர் திருதிருவென்று விழித்தார். ஆனாலும் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, மேலே வெள்ளையை ஓட்டினார். சுவரில் பொட்டு வைத்த அளவுக்குக்கூட வேறு நிறம் இல்லை.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். பச்சை கொஞ்சம் அடர்த்தியாகிவிட்டது போலத் தெரிகிறதே, இன்னொரு தடவை பாருங்கள் என்றேன்.

சுவருக்குக் கிட்டே போய்த் தலையைச் சாய்த்து நின்றார். பெயிண்டர் ரோலரைக் கீழே வைக்கவே இல்லை. ஒன்றும் இல்லையே என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"அடர்த்தியெல்லாம் இல்ல. காஞ்சதும் நல்லா எடுப்பாத்தான் இருக்கு," என்றார்.

பெயிண்டர் தலை குனிந்துகொண்டார்.

"செவுத்துல ஒண்ணுமே இல்லீங்க," என்றேன். "அழிச்சாச்சு."

வாய்க்கு வந்தபடி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். விரலில் ஒட்டிய ஈரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அப்படியானால் சிக்னலை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேன்ல முன்னாடி ஒரு பொண்ணு உக்காரும். வெளையாட்டு மாதிரி சொல்லிக் குடுத்திருக்கேன். செவப்பு விழுந்ததும், 'நில்லுங்க மாமா'ன்னு அதுதான் கத்தும்."

"அது வராத அன்னைக்கு?"

சோபாவைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். என் கோபமெல்லாம் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். தூக்கி எறிவார் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு வேன் வராது என்றார். வண்டி ரிப்பேரா என்று கேட்டிருப்பார்கள் போல. கட்டிய பெண்டாட்டியிடம்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர், போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றார். "எனக்குத்தான் கண்ணு தெரியலீங்க."