சாட்சிக்குப் பூசிய பச்சை

சுந்தரமூர்த்தியின் சைக்கிளில் பெயிண்ட் பெயர்ந்த இடம் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்குச் சரிந்து இறங்குகிறதே ஒரு கம்பி, அதில், இடது பக்கம். குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். ஆனால் செஞ்சியில் அவரைத் தெரிந்த யாருக்கும் தேடுகிற சிரமம் இருந்ததில்லை. அவரே கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டிவிடுவார். மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டருக்குக் காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் காட்டினார். கோட்டை பார்க்க வந்து வழி தப்பிச் சந்துக்குள் நுழைந்த பெங்களூர்க்காரர்களுக்கும் காட்டினார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மனிதரின் வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிற படமும் அதுதான். கட்டின மனைவி கலைவாணியின் படத்தை ஒரு நாளும் அங்கே வைத்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து சைக்கிளைக் கழுவும்போதுதான் அவர் அதை முதலில் பார்த்தார். பக்கத்தில் வெற்றிவேலின் மோட்டார் பைக் நின்றிருந்தது. அதன் கால்மிதி நீட்டிக்கொண்டிருந்த உயரமும் பெயிண்ட் போன இடத்தின் உயரமும் ஒன்றாக இருந்தன. அவ்வளவுதான், வழக்கு அங்கேயே முடிந்தது. விசாரணை, தீர்ப்பு எல்லாம் ஈரக்கையோடு நின்ற நிலையிலேயே ஆகிவிட்டது.

இந்த வெற்றிவேல் யாரோ எவரோ இல்லை, கலைவாணியின் ஒரே தங்கை மங்கையின் புருஷன். தாயில்லாத தங்கையை எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய்த் தள்ள மனம் வராமல், அவலூர்பேட்டையிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த பையனையே பார்த்துப் பேசி முடித்தவள் கலைவாணிதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

"உன் வண்டிதான் இடிச்சிருக்குது. தெரியாம பட்டுடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்ட்டு போ, நான் வுட்டுடறேன்" என்றார் சுந்தரமூர்த்தி.

"படாதத எப்படி சகலை பட்டுச்சுன்னு சொல்றது? இந்த ஓட்ட சைக்கிளுக்கா இம்மாம் பஞ்சாயத்து?" என்றான் வெற்றிவேல்.

ஓட்டை சைக்கிள் என்று அவன் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டான். அன்றைக்கே சந்தின் நடுவில் சுந்தரமூர்த்தி சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். மழையில் அது அழிய அழிய, திரும்பத் திரும்பப் போட்டார். ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் தேய்த்துக் கழுவி ஹேண்டில்பார், பெல், மட்கார்டு என்று விட்ட இடம் இல்லாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தவர், அந்தப் புளியங்கொட்டையை மட்டும் விட்டுவைத்தார். "அதுல கை வெக்காத. அது சாட்சி" என்று கலைவாணியின் கையைத் தட்டிவிட்டார்.

அக்காளும் தங்கையும் கொஞ்ச நாள் மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற சாக்கில் பேசிக்கொண்டார்கள். பிறகு மங்கையே நிறுத்திவிட்டாள். "எங்க வூட்டுக்காரர திருடனாட்டம் ஊருக்கெல்லாம் காட்டினு கீறாரு உம் புருஷன். நீ பாத்துக்கினு நிக்கற. இனிமே எங்கிட்ட பேசாதக்கா" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுக்கு அப்போது நாலாம் மாதம்.

தை பிறந்தது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். தாய் இருந்தால் தாய் முதல் வளையல் போட வேண்டும், இல்லாவிட்டால் அக்காள். அதை யாரும் கலைவாணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கார்த்திகையிலேயே கண்ணாடி வளையல் வாங்கி, புருஷன் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். சுந்தரமூர்த்தியிடம் கேட்டபோது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்கேர்ந்து மன்னிப்பு வரட்டும். அப்புறம் இங்கேர்ந்து வளையல் போவட்டும். அதுக்கு முன்ன அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சன்னா, திரும்பி இங்க வராத" என்றார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

கலைவாணிக்கு அந்த ரசத்தை அவர் தலையில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. ஊற்றவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தாள். காட்டுவதற்கு ஒன்று இருப்பதால்தானே காட்டுகிறார்? அது இல்லாமலே போய்விட்டால் எதைக் காட்டிச் சண்டை போடுவார்? நியாயம் பேசி அவரிடம் ஜெயித்தவர் யாரும் கிடையாது. பெயிண்டு பேசட்டும் என்று முடிவு கட்டினாள்.

புதன்கிழமை தோதாக வாய்த்தது. தொண்டூரில் ஒரு பங்காளி வீட்டுக் கருமாதி. சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லி சுந்தரமூர்த்தி பஸ் ஏறினார். அதே காலையில் வெற்றிவேலும் தன் தாயை அழைத்து வர பைக்கை எடுத்துக்கொண்டு அவலூர்பேட்டை போய்விட்டான். சந்தில் ஒற்றைச் சைக்கிள் மட்டும் நின்றது.

கலைவாணி நேராகக் காந்தி பஜாரில் சைபுதீன் கடைக்குப் போனாள். பெயிண்டு, ஆணி, குழாய் என்று எல்லாம் விற்கிற அந்த மனிதருக்குச் சிரிக்கிற பழக்கம் கிடையாது.

"ஒரு சைக்கிள் கம்பிக்கு நான் புது டப்பாவ ஒடைக்கணுமா?" என்றார். பிறகு அவளைச் சற்று உற்றுப் பார்த்தார். "அந்த சாட்சிக்கா?"

"ஆமாங்க பாய்."

"எங்கிட்டயும் காட்டினாரு. ரெண்டு தடவ." உள்ளே போய், யார் வீட்டு இரும்புக் கதவுக்கோ அடித்து மிஞ்சிய பச்சையை ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார். "இது புதுப் பச்ச. உங்களுது வெயில்ல வெந்த பச்ச. துளி கருப்பு கலந்துக்குங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தாளு வந்து என் கடை வாசல்ல நின்னாருன்னா யாவாரம் படுத்துடும்."

மத்தியான வெயிலில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தாள். சுற்றியிருந்த பழைய பெயிண்டின் ஓரத்தையும், விரலில் தட்டாத அளவுக்கு மெதுவாகத் தேய்த்து இறக்கினாள். தேய்க்கத் தேய்க்க அந்த இடத்தின் உருவம் சுத்தமாகத் தெரிந்தது. பிறை மாதிரி வளைந்திருந்தது. உருண்டையான ரப்பர் கால்மிதி எப்படிப் பிறை மாதிரி கொத்தும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டாள். வேலை மும்முரம் அப்படி. துணியால் துடைத்து, முதலில் துருவைத் தடுக்கிற செங்காவி நிறத்து ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு. காது குடைகிற பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தாள். மலைப் பாறைகளின் சூடு ஏறிய வெயிலில் அது சீக்கிரமே காய்ந்தது. அப்புறம் பச்சை. பொழுது சாய ஒரு பூச்சு, விடிந்ததும் மேலே இன்னொன்று. எழுந்து நின்று பார்த்தபோது எந்த இடத்தில் பூசினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மாதக்கணக்கில் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் வந்த சுந்தரமூர்த்தி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சைக்கிளைப் போய்ப் பார்த்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். இடது பக்கமா வலது பக்கமா என்று தன் மேலேயே சந்தேகம் வந்து அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். கடைசியில் விரலால் தடவி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

"யாருடி இத பண்ணது?"

"நான்தான். பேந்து போன எடத்துக்குப் பெயிண்டு அடிச்சேன். அதுல இன்னா தப்பு?"

"சாட்சிய அழிச்சிட்டு இன்னா தப்புன்னு கேக்கற. அவன் சொல்லிக் குடுத்தானா? தங்கச்சிகாரி சொன்னாளா? கூட இருந்துக்கினே குழி பறிச்சிட்ட இல்ல?" சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே அவர் கத்தினார். நிச்சயம் கேட்டிருக்கும். "நாளைக்கு நீ அங்க போறத நான் பாக்கறேன்."

பெயிண்டு பேசும் என்று நினைத்தவளுக்கு, பெயிண்டே புதுக் குற்றமாகிவிட்டது. அன்று அவரை அவள் வெறுத்தாள். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அடுப்பை வெறுத்தாள், அந்த வீட்டை வெறுத்தாள், ஆடியில் அவர் அவலூர்பேட்டைச் சந்தையில் வாங்கி வந்து "நாலு வெரக்கட ஒசரம் கூட, பாத்தியா" என்று பெருமையடித்த அந்தப் புதுப் பால் கேனைக்கூட வெறுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போலக் கேனை இடது பக்கம் கேரியரில் மாட்டிக்கொண்டு போனார். கலைவாணி குளித்து, பட்டுப்புடவை கட்டி, தாம்பாளத்தில் வளையல்களையும் பூவையும் குங்குமத்தையும் வைத்தாள். வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து மட்டமாகத் தடவி வைத்தாள். திரும்பி வர வீடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று தட்டோடு வாசலுக்கு வந்தாள். சுந்தரமூர்த்தி அப்போதுதான் வந்து, காலிக் கேனைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அவளை மறிக்கத்தான் நிமிர்ந்தார். பாதி நிமிர்ந்தவர் அப்படியே கம்பியைப் பார்த்து நின்றுவிட்டார்.

நேற்றுப் பூசிய பச்சை பெயர்ந்திருந்தது. அதே இடம், அதே பிறை. உள்ளே பூசிய செங்காவி தெரிந்தது.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கலியாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை. "வாங்க, எல்லாரும் வந்து பாருங்க. மறுபடியும் இடிச்சிட்டான். ராத்திரியோட ராத்திரியா வந்து இடிச்சிருக்கான்" என்று சந்துக்கே கேட்கும்படி கூப்பிட்டார். வளைகாப்புக்கு வந்திருந்த பெண்கள் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் பைக் திரும்பியது. வெற்றிவேலும், பின்னால் மடியில் மூட்டையோடு அவன் தாய் பூவாயியும். இரண்டு பேர் தலையிலும் ரோட்டுப் புழுதி.

"இன்னா கூட்டம்? நாங்க இப்பத்தான அவலூர்பேட்டைல இருந்து வர்றோம். புதன்கிழமைல இருந்து வண்டி எங்க வூட்டாண்டதான் நின்னுச்சு" என்றாள் பூவாயி, யாரும் கேட்காமலே.

சுந்தரமூர்த்தி பைக்கையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கலைவாணி தாம்பாளத்தைப் படியில் வைத்தாள். கீழே இருந்த கேனைத் தூக்கி, அவர் மாட்டுகிற கொக்கியிலேயே கேரியரில் மாட்டினாள். சைக்கிளை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். டங், டங் என்று கேட்டது. கேனின் அடியில் இருக்கிற இரும்பு வளையம் அந்தச் செங்காவிப் பிறையில் போய்ப் போய் உட்கார்ந்தது. கேன் தொங்கும்போது அந்த இடம் மறைந்துவிடும். இடத்தைக் காட்டும்போது கேன் வீட்டுக்குள் இருக்கும். இத்தனை மாதத்தில் இரண்டையும் ஒன்றாக ஒருத்தரும் பார்த்ததில்லை.

"பழைய கேனு கட்ட. இதுக்கு நாலு வெரக்கட ஒசரம் கூட" என்றாள் அவரைப் பார்த்து. "நீங்களே இடிச்சிக்கினு, நீங்களே ஊரக் கூட்டி காட்டியிருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். வெற்றிவேல் சிரிக்கவில்லை. பைக்கை விட்டு இறங்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கம் பார்த்து நின்றான்.

"ஓட்ட சைக்கிள்னு நான் சொன்னது தப்புதான் சகலை. சைக்கிள் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான்.

சுந்தரமூர்த்தி கேனைக் கழற்றினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியில் இருந்த தாம்பாளத்துக்குக் குனிந்து, கிண்ணத்துச் சந்தனத்தை இரண்டு விரலால் வழித்து, அந்தப் பிறையின் மேல் அப்பினார். மேலே ஒரு குங்குமமும் வைத்தார். "வெள்ளிக்கிழம. வண்டிக்கு ஒரு பொட்டு வெச்சா இன்னா" என்று யாருக்கோ சொன்னார். கலைவாணி தட்டை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அவர் தடுக்கவில்லை.

மங்கை பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அதைப் பார்த்தபடியே கலைவாணி தட்டைக் கீழே வைத்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். நடுவில் இரண்டு விரல் தடம் பள்ளமாக இருந்தது.

"இதுல யாரு கை வெச்சது?" என்றாள் மங்கை. மாதக்கணக்கில் அக்காளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மாமாதான். சைக்கிளுக்கு வெச்சாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மங்கையும் சிரிப்பாள் என்று கலைவாணி காத்திருந்தாள்.

"நீ பெயிண்டு அடிச்சத நேத்து சொவுத்துக்கு இந்தாண்ட இருந்து கேட்டேன். எதுக்கு அடிச்ச?"

"உனக்காகத்தாண்டி. சண்ட முடியட்டும்னு."

"எங்க வூட்டுக்காரர் இடிச்சத மறைச்சிடலாம்னு அடிச்ச. அப்படித்தான?"

கலைவாணிக்கு அந்தப் பிறை ஞாபகம் வந்தது. உப்புத்தாளும் கையுமாக அதைப் பார்த்ததும், பார்த்தும் விட்டுவிட்டதும் ஞாபகம் வந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா. அவர்தான் இடிச்சாருன்னு நானும் நெனச்சேன்" என்றாள்.

"போடு. நல்ல நேரம் போவுது" என்று மங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

கலைவாணி கன்னத்தில் சந்தனம் தடவினாள். முதல் வளையலை எடுத்து, வலிக்காமல் விரல்களைக் குவித்துப் பிடித்து ஏற்றினாள். அவள் நகக்கண்களில் பச்சை பெயிண்ட் இன்னும் போகாமல் இருந்தது. மங்கை அதைப் பார்த்தாள். அக்காள் அடுத்த வளையலை எடுப்பதற்குள், இடது கையைத் தன் மாமியார் பூவாயியிடம் நீட்டினாள்.