பதினைந்து நிமிஷ மணல்

நாலு வருஷமாக வியாழக்கிழமைதோறும் கூட வேலை செய்யும் மெர்வி என்னைக் கப்பல் தளத்திலேயே இருக்கும் சௌனாவுக்கு, நீராவிக் குளியலுக்கு, கூப்பிடுவாள். நேரமில்லை என்பேன். பொய்யில்லை. தளத்தில் என் வரைபட வேலை நாலு மணிக்கு முடியும். ஐந்துக்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகள் கெர்ட்டுவைக் கூட்டிவர வேண்டும். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறையானால் விசாரணை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது.

"வேலை காலியிருக்குன்னு எவளும் தண்டோரா போட மாட்டாடி," என்றாள் மெர்வி. "பெஞ்சுல உக்காந்து வேர்க்கிறப்பதான் விஷயம் வரும். பக்கத்து ஆஃபீஸ் ரித்வா வேலைக்கு ரெண்டு பேர எடுக்கப் போறா. வந்து மூஞ்சியக் காட்டு. ஆனா குழந்த இருக்குன்னு மட்டும் மூச்சு விடாத."

அந்த வியாழன், மணி நாலு அடித்து ஐந்து நிமிஷத்தில் மெர்வியோடு உள்ளே போனேன். சுவரிலிருந்த மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். பதினைந்து நிமிஷம். மணல் தீர்ந்ததும் ஓட வேண்டும்.

மேல் பெஞ்சில் ரித்வா, துண்டு விரித்து, கண் மூடி. சௌனாவுக்குள் போனதும் வேலை கேட்பவளை யாரும் மதிக்க மாட்டார்கள். நானும் கண்ணை மூடி, கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ரித்வா கல்மேல் தண்ணீர் ஊற்றினாள். ஆவி காதைச் சுட்டது. பயத்தில் வேர்த்ததா, சூட்டிலா, தெரியவில்லை.

"நீதான ஹன்னெலே?" என்றாள் ரித்வா கடைசியில். "மெர்வி சொன்னா. சாயங்காலம் எப்படி உனக்கு? வீட்ல யாராவது காத்திருப்பாங்களா?"

"யாரும் இல்லீங்க. நேரம் எனக்குப் பிரச்சினையே இல்ல."

நாக்கு எப்படித்தான் புரண்டதோ! மணலைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"நல்லா ஊறிட்ட போல," என்று மெர்வி சிரித்தாள். "நீ கண்ண மூடியிருந்தப்பவே நான் ஒரு தடவ திருப்பி வெச்சுட்டேனே!"

அப்படியானால் அரை மணிக்குப் பக்கம் ஆகிவிட்டது! என்ன சொல்லிவிட்டு வந்தேனோ நினைவில்லை. உடுத்தி வெளியே வந்தபோது மணி நாலு ஐம்பது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஈரத் தலையோடு ஓடினேன். பக்கத்தில் ஒரு கார் நின்றது. ரித்வா.

"எங்க இந்த ஓட்டம்? ஏறு."

ஏறாமல் என்ன செய்வது? "அக்கா வீட்டுக்கு," என்று இன்னொரு பொய். காப்பகத்துக்கு அடுத்த தெருவைச் சொன்னேன். அந்தச் சனியன் பிடித்த தெருவுக்குக் காப்பக வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது பதற்றத்தில் உறைக்கவே இல்லை.

மணி ஐந்து தாண்டி ஆறு நிமிஷம். வேலிக்கு அந்தப் பக்கம் கெர்ட்டு, குளிர்கோட்டு போட்டு, ஆசிரியையின் கையைப் பிடித்தபடி. கார் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா! மூணாவது தடவ!" விரல்களை வேறு காட்டினாள்.

ரித்வா காரை நிறுத்தினாள். நான் இறங்கினேன்.

"எங்க ஆஃபீஸ் மூணரைக்கே மூடிடும், ஹன்னெலே," என்றாள். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை. "சாயங்காலத்தப் பத்தி அதுக்குத்தான் கேட்டேன். குழந்த இருக்குன்னு சொல்லியிருந்தா, அத முதல்லயே சொல்லியிருப்பேன்."

கார் போய்விட்டது. ஆசிரியை நோட்டைத் திறந்து என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். கெர்ட்டு என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ ஏம்மா நடுங்குற? சூடா குளிச்சுட்டுதான வந்திருக்க?"