கண்மாய்க்குள் ஒரு வீடு

முனியராஜ் வீட்டு மனை வாங்கிய இடத்தைக் கேட்டதும் சண்முகத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவனுக்குப் பெரியம்மா மகள். அதே ஊரில் இருந்துகொண்டு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள்.

"ஏலே, அது கண்மாய் உள்வாய்லே. தண்ணி வந்து நிக்கிற எடம்."

"எங்க நிக்கிது அக்கா? காட்டு பாப்போம்," என்று அவன் சிரித்தான்.

அவன் சிரித்ததைக் குற்றம் சொல்லவும் முடியாது. சிவகாசியில் பிறந்து வளர்ந்தவன். பார்த்த கண்மாயில் எல்லாம் கிரிக்கெட் ஆடியிருக்கிறான். கண்மாய் என்றால் அவனைப் பொறுத்தவரை சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மைதானம், ஒரு பக்கம் மண்கரை, அந்தக் கரையில் எதற்கோ கட்டிவைத்த ஒரு மடை, மடை நிழலில் சீட்டாடுகிற நாலு பேர். மழைக்காலத்தில் குழிகளில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும், எருமை படுக்கும், தை பிறப்பதற்குள் அதுவும் காய்ந்துவிடும். ஆனைக்குட்டத்துக்குத் தெற்கே அந்த ஊரில் மனை அவ்வளவு சல்லிசாகக் கிடைத்தபோது, பட்டா இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். பட்டா இருந்தது. தண்ணீருக்குப் பட்டா உண்டா என்று யார் போய்க் கேட்பது?

அவசரம் அப்படி. சென்னையில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். வருடா வருடம் சித்திரை பிறந்ததும் வீட்டுக்காரர் போன் செய்வார். வாடகையைக் கூட்டுவார், அல்லது தம்பி மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்பார். அந்தக் கல்யாணம் நடந்ததாக ஒருநாளும் தகவல் வந்ததில்லை. அவனும் மனைவியும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பட்டணத்தைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். தள்ளித் தள்ளிக் கடைசியில் சிவகாசிக்கே வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளம் பாதியாகிவிட்டது. ஆனாலும் இருந்த நகையை எல்லாம் விற்று, இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாகச் சொந்தத்தில் ஒரு வீட்டை எழுப்பிவிட்டார்கள். இனி இன்னொரு வீடு கட்டத் தெம்பு கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் மனைவி ஓவியா வியாசர்பாடியில் வாடகை வீட்டில் பிறந்தவள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் அவள் வாழ்க்கையில் முதலில் கற்றுக்கொண்ட சட்டம். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கண்ணாடி அலமாரியில் சாய்ந்திருக்கும். இறந்துபோன அப்பாவின் படம் ஃப்ரிட்ஜ் மேல் நிற்கும்; கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் மாலையோடு குப்புற விழும். ஆவணியில் புது வீட்டில் பால் பொங்கியதும் பொங்காததுமாக அவள் செய்த முதல் வேலை, சுத்தியலை எடுத்துக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்ததுதான். இரண்டு அடியில் ஏறியிருக்கும். ஆசைக்குப் பத்து அடி அடித்தாள். அப்பாவை அதில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து அழுதாள்.

தீபாவளி முடிந்து மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மேற்கே ஓடையில் தண்ணீர் வருகிறது என்று ஊரே ஓடியது. முதலில் கருவேல மரங்களுக்குப் பின்னால் ஏதோ பளபளத்தது. அடுத்த நாள் மரங்கள் தண்ணீரில் நின்றன. பிறகு அது சத்தமே போடாமல் வேலியைத் தாண்டி, துவைக்கிற கல்லை மூடி, வாசல் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முனியராஜ் பைக் சாவியை எடுத்தான். மடையைத் திறந்து தண்ணீரை இறக்கச் சொல்லி ஊர்க்காரர்களைக் கேட்பது ஒன்றுதான் வழி. பைக்கில் ஓவியாவை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டு கரைக்குப் போகும்போது, என்ன பேச வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். 'நாங்களும் இந்த ஊருதான, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க' என்று ஆரம்பிப்பதாக இருந்தது.

கரை ஏறினான்.

கண் போகிற தூரம் வரை தண்ணீர். அவன் கிரிக்கெட் ஆடிய மைதானங்கள், சீட்டாட்ட நிழல்கள், எருமைக் குழிகள் எல்லாவற்றின் மேலும் வானம் அப்படியே இறங்கிக் கிடந்தது. காற்றடிக்க, அலை வந்து கரைக் கல்லில் மோதியது. எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக நாரைகள் வந்திருந்தன. அவற்றுக்கு யார் தகவல் சொன்னார்களோ. கடலை அவன் பார்த்திருக்கிறான். கடல் என்றைக்கும் அங்கேதான் இருக்கும். இது போன மாதம் வரை இல்லாதது. இவ்வளவு பெரியது ஒன்று வந்து நிற்பதற்கான இடத்தை யாரோ எப்போதோ கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அது இத்தனை வருடம் காய்ந்தபடி காத்துக் கிடந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எதிர்க்கரை ஓரத்தில் ரோஸ் கலரில் துளியூண்டு ஒரு டப்பா தெரிந்தது. அது தன் வீடு என்று புரியவே கொஞ்ச நேரமானது.

ஊர் முழுக்கக் கரையில்தான் இருந்தது. மழையால் வேலையும் கூலியும் போன பெண்கள்கூடச் சிரித்த முகமாக நின்றார்கள். மடைக்குப் பக்கத்தில் கருப்பணன் நின்றார். கண்மாய்க்குக் கீழே வயல் உள்ளவர். அத்தனை வருடமும் வானத்தைப் பார்த்து வைதவர். முனியராஜ் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"வாங்க தம்பி. ஒங்களுக்காகத்தேன் நிக்கிறோம். இன்னும் ஒரு முழம் ஏறுச்சுன்னா நெறஞ்சு மறுகால் வழியா வெளிய பாஞ்சிரும். ஆனா அம்புட்டு ஏறுனா ஒங்க வீட்டுக்குள்ள வந்துருமே. மடையத் தொறந்து விட்டுருவோம்னு ஊருல பேசி முடிச்சாச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"வயலுக்கு, அண்ணாச்சி?"

"இன்னும் நாத்தே பாவலயே தம்பி. இப்பத் தொறந்தா வீணாத்தேன் போகும். அதுக்கு என்ன செய்ய? குடியிருக்கிற வீடுல்ல."

முனியராஜ் கேட்க வந்தது அதைத்தான். கையில் கொண்டுவந்து கொடுத்தபிறகு அவனால் வாங்க முடியவில்லை. போனிலேயே வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்களைப் பார்த்தவன் அவன். நேற்று வந்து குடியேறியவனுக்காக, இத்தனை வருடம் கழித்து வந்த தண்ணீரைத் திறந்துவிடுகிறேன் என்று ஒரு மனிதர் மடை ஷட்டரில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீரைப் பார்த்ததைவிட இதைப் பார்த்ததுதான் அவனுக்குப் பெரிய மலைப்பாக இருந்தது. ஆனால் வீடு?

ஓவியாதான் பேசினாள்.

"தொறக்காதீங்க ஐயா. குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணி லாரி பின்னாடி ஓடியிருக்கேன் நான். இவ்ளோ தண்ணியைக் கீழ ஊத்துங்கன்னு என் வாயால சொல்ல முடியாது."

கருப்பணன் முனியராஜைப் பார்த்தார். அவன் அந்த ரோஸ் டப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"வேணாம் அண்ணாச்சி. நெறையட்டும்."

அதற்குள் சண்முகத்தாய் சேலையை வரிந்து கட்டிவிட்டாள். "கம்பெனிதான் லீவாச்சே, வாங்கடீ, லோடு எறக்குவோம்!"

வீட்டு வாசலிலிருந்து தார் ரோடு வரைக்கும் முழங்கால் தண்ணீரில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அரிசி மூட்டை, மிக்ஸி, துணி மூட்டை எல்லாம் கை மாறிக் கை மாறிப் போயின. கட்டிலையும் பீரோவையும் ஆறு பேர் தலைக்கு மேல் தூக்கினார்கள். சென்னையில் ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஏதாவது உடையும், நசுங்கும். அந்த பீரோவின் உடம்பில் அத்தனை வீட்டு வடுவும் இருந்தது. இந்த முறை ஒரு கீறல் விழவில்லை. பட்டாசு வேலை பார்க்கிறவர்களுக்கு எதையும் இழுக்கவோ, தொப்பென்று போடவோ கை வராது. உரசினால் உயிர் போகும் என்று பழகிய கைகள், ஓவியாவின் ஊறுகாய் பாட்டிலைக்கூட அதே பயபக்தியோடு வாங்கிக் கொடுத்தன.

சண்முகத்தாய் தன் வீட்டில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள். பழக்கதோஷம், ஓவியா கேட்டுவிட்டாள்: "அட்வான்ஸ் எவ்வளவு அண்ணி?"

"செருப்பால அடிப்பேன்," என்றாள் சண்முகத்தாய். "சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?"

மறுநாள் மதியம் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஜன்னல் வெயில் தண்ணீரில் பட்டு, மேலே விதானம் முழுக்க வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. தான் கட்டிய வீடு இவ்வளவு அழகாக இருக்குமென்று முனியராஜ் நினைத்ததே இல்லை. துக்கமும் அதிசயமுமாக அண்ணாந்து பார்த்தான்.

அப்போது தண்ணீர்ப் பரப்பின் மேலாகக் குலவைச் சத்தம் வந்தது. கரையில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவையிட்டார்கள். மறுகால் பாய்ந்துவிட்டது. இனி ஏறாது. சுவரில் தண்ணீர் தொட்டிருந்த கோட்டை இருவரும் பார்த்தார்கள். அதற்கு மேலே, ஆணியில், நனையாமல், அவள் அப்பா இருந்தார். எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்கள்.

முனியராஜ் கையை நீட்டினான்.

"விடு," என்றாள் ஓவியா. "நாம காலி பண்ண ஒவ்வொரு வீட்டுலயும் அவரும் கூடவே காலி பண்ணாரு. இது நம்ம வீடு. அவரு இருக்கட்டும்."

அவன் கையை இறக்கினான். கதவைச் சாத்திவிட்டு, பூட்டாமல், இருவரும் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள்.