பம்புக் கொட்டகை ஆந்தை

என் தம்பியைப் போல ஒரு கூறுகெட்டவனை இந்தச் சதுப்புக் காடு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இங்கே படகு ஓட்டுகிறான். ரேஞ்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். நான் கைடு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நான் நடைபாதையில் கூட்டிப் போவேன், அவன் கால்வாயில் கூட்டிப் போவான்.

பாதை முடிகிற இடத்தில் பழைய பம்புக் கொட்டகை ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு காலத்தில் ஒரு பெரிய மனுஷன், இந்தத் தண்ணீரை எல்லாம் இறைத்துவிட்டு வயலாக்கப் போகிறேன் பேர்வழி என்று கட்டியது. முதல் வெள்ளத்திலேயே எஞ்சின் மூழ்கியது, ஆள் ஊரைவிட்டே போய்விட்டான். இப்போது அதன் சுவர்ப் பொந்தில் ஒரு ஜோடி மீன் ஆந்தை குடியிருக்கிறது. இந்தக் காட்டில் மிச்சம் இருப்பது அது ஒரு ஜோடிதான். மூன்று வருஷமாக இட்ட முட்டை எல்லாம் போயிற்று. காக்கா தூக்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம். இந்த வருஷம் ஒரே ஒரு முட்டை. அது பொரிய வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஒரு குடும்பத்தை, கொட்டகையை யாரும் நெருங்காமல் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, பெரிய மனுஷன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் ஆந்தை பொந்தில் அடைகாத்துக்கொண்டிருந்தது, ஆண் ஆந்தை எதிர்க் கிளையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது கால்வாய்ப் பக்கமிருந்து ஆண் ஆந்தை கூப்பிடும் சத்தம் கேட்டது.

வந்திருந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இன்னொன்றும் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொன்று கிடையாது. யாரோ நம் இடத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று ஆந்தை இரண்டும் சத்தம் வந்த திசைக்குச் சீறிக்கொண்டு பறந்தன. பொந்து காலி. எங்கிருந்தோ ஒரு காக்கா சாவகாசமாக உள்ளே போனது. நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் அலகில் மஞ்சள் கரு ஒழுக வெளியே வந்தது.

சேற்றில் விழுந்தடித்துக் கால்வாய்க்குப் போனேன். படகில் இருந்தவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி போனை உயர்த்திப் பிடித்து, பதிவு செய்த ஆந்தைச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வரவழைத்துக் காட்டுகிறானாம்.

"எத்தனை வருஷமாடா இத பண்ற?"

"படகு ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்துதான்க்கா. சும்மா சத்தம்தானே, நான் என்ன கல்லையா விட்டு எறிஞ்சேன்?"

படகு ஓட்ட ஆரம்பித்து மூன்று வருஷம் தாண்டியிருந்தது. அறைந்தேன். வந்தவர்கள் கண் முன்னாலேயேதான் அறைந்தேன், எனக்கு வெட்கமில்லை.

ரேஞ்சர் அறையில் அவன் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். முட்டை எப்படிப் போனது என்று கேட்டதும், "காக்கா சார்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில்.

"தூக்கினது காக்காதான் சார்," என்றேன். "அதுக்குக் கதவத் திறந்துவிட்டது இவன். மூணு வருஷமா."

அவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி மேஜையில் நானே வைத்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா என்னைத்தான் பேசுவாள், பேசட்டும்.